வழுக்கையில்லாக் கழுகு: ஆற்றங்கரைப் படமும் அதன் அடியில் எழுதும் பெயரும்

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான ஒரு புகைப்படப் போட்டிக்கு நடுவராக இருக்குமாறு கடந்த சனவரியில் நம்மை அழைத்தனர். ஓய்வுபெற்ற மொழியியலாளனுக்கும் புகைப்படத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டோம். படங்களின் அடியில் மாணவர் எழுதியிருக்கும் தமிழைத் திருத்திக் கொடுத்தால் போதும் என்றனர். வந்த படங்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. பாயான் பாருவை ஒட்டி ஓடும் சுங்கை கெலுவாங் ஆற்றின் கழிமுகம். கரையில் கண்டல் மரம். அதன் பட்டுப்போன கிளையில் வெண்தலையும் செம்பழுப்பு உடலுமாய் ஒரு பறவை. கீழே அழகிய கையெழுத்தில், 'ஆற்றங்கரையில் மொட்டைக் கழுகு' என்று எழுதியிருந்தது.

அம்மாணவனை அழைத்துக் கேட்டோம். "கைப்பேசியில் தேடிப் பார்த்தேன், ஐயா. வெள்ளைத் தலை, வளைந்த அலகு, ஆற்றங்கரை என்று போட்டதும் அமெரிக்கக் கழுகுதான் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் மாற்றி எழுதினேன்" என்றான்.

படம் நன்று, பெயரில் இரு பிழைகள். அப்பறவை அமெரிக்கக் கழுகு அன்று. பினாங்கின் கடலோரத்தில் நாள்தோறும் வட்டமிடும் செம்பருந்து. இது முதற்பிழை. உடலின் நிறத்தை ஒருமுறை கூர்ந்து நோக்கினால் இது தீர்ந்துவிடும். அமெரிக்கக் கழுகை 'மொட்டை' என்றது இரண்டாம் பிழை. இதற்காக அவனைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், பள்ளிப் பயன்பாட்டுக்கான ஓர் அறிவியற் சொற்பட்டியலுக்கு உதவியபோது, அதே ஆங்கிலப் பெயருக்கு நேராக 'வழுக்கைத்தலைக் கழுகு' என்று எழுதிக் கொடுத்தவர் நாமே. மழித்த தலையை மொட்டை என்றும், மயிர் தானே உதிர்ந்த தலையை வழுக்கை என்றும் தமிழ் பிரித்துச் சொல்லும் என்று ஒரு விளக்கக் குறிப்பையும் அன்று சேர்த்தோம். நுட்பமாகப் பிழை செய்வது எம் துறையினர்க்குக் கைவந்த கலை.

அந்தப் படத்தின் அடியில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள். அதைச் சொல்ல முதலில் ஒரு சொல்லின் வரலாற்றுக்கும், பின்னர் ஆற்றங்கரைக்கும் செல்ல வேண்டும்.

'பால்ட்' என்னும் சொல்

வட அமெரிக்கக் கழுகின் தலை முழுவதும் இறகு அடர்ந்தது. முதிர்ந்த பறவையில் அவ்விறகு தூய வெண்மையாக இருக்கும். அதை ஆங்கிலத்தார் 'பால்ட் ஈகிள்' என்கின்றனர். இன்றைய ஆங்கிலத்தில் 'பால்ட்' என்றால் வழுக்கை. ஆனால் பழைய ஆங்கில வழக்கில் அச்சொல் வெண்கறை உடையதையும் குறித்தது. வெள்ளையும் கருப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த குதிரையை 'பைபால்ட்' என்று இன்றும் சொல்வது அவ்வழக்கின் எச்சம். நெற்றியில் வெள்ளை விழுந்த விலங்கைக் குறிக்கத் தோன்றிய சொல்லே பின்னர் மயிரற்று வெளுத்த தலைக்கு வந்தது என்று சொற்பிறப்பியலார் பலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும் கழுகின் பெயரில் அச்சொல்லுக்குப் பொருள் வெண்மைதான்.

1766இல் லின்னேயசு இப்பறவைக்கு அறிவியற் பெயரிட்டபோது ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 'லூகோசெஃபாலஸ்' என்றார், கிரேக்கத்தில் வெண்தலையன் என்பது அதன் பொருள். செருமானியரும் பிரஞ்சுக்காரரும் சீனரும் தத்தம் மொழியில் 'வெண்தலை' என்ற சொல்லை வைத்தே இதை அழைக்கின்றனர். இசுபானிய மொழியில் வழங்கும் 'ஆகிலா கால்வா', இந்தோனேசியரின் 'எலாங் போத்தாக்' ஆகிய இரண்டும் வழுக்கைக் கழுகு என்றே பொருள்படுவன. நாம் விழுந்த பள்ளத்தில் வேறு சிலரும் விழுந்திருக்கின்றனர் என்பது ஓர் ஆறுதல்.

இதில் நம்மை உறுத்துவது வேறொன்று. நெற்றியில் விழும் வெள்ளையைச் சொல்லத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. நெற்றியில் வெண்புள்ளி உள்ள மாட்டைச் 'சுட்டி' என்று உழவர் அழைப்பர். நீர்நிலைகளில் மேயும் கரிய பறவை ஒன்று உண்டு. அதன் அலகிலிருந்து நெற்றிவரை வெள்ளைத் தகடு ஒன்று ஏறி நிற்கும். ஆங்கிலத்தார் அதையும் 'பால்ட் கூட்' என்றனர். அதைப்போல் வழுக்கை என்று ஒரு மரபுத்தொடரும் அவர்களிடம் உண்டு. நம் முன்னோர் அதே வெள்ளையைப் பார்த்து 'நாமக்கோழி' என்றனர். ஒரே நெற்றி, ஒரே வெண்மை. பார்த்தவர் கண்ணுக்குப் பழகியது எதுவோ அது பெயராயிற்று. நாமக்கோழி என்று பெயரிட்ட மொழியில் இருந்துகொண்டு 'வழுக்கைத்தலைக் கழுகு' என்று நாம் எழுதியது, பறவையைப் பாராமல் அகராதியைப் பார்த்ததன் பயன். 'வெண்தலைக் கழுகு' என்று இப்போது பலர் எழுதுகின்றனர். அதுவே தகும்.

குளிர்காலமும் மீனும்

அமெரிக்காவில் வெண்தலைக் கழுகைப் படமெடுக்க விரும்புவோர் குளிர்காலத்தில் ஆற்றங்கரைக்குச் செல்வர். இதற்குக் காரணம் எளியது. இப்பறவை முதன்மையாக மீன் உண்பது. வடக்கே ஏரிகளும் ஆறுகளும் உறையும்போது, எங்கே நீர் உறையாமல் இருக்கிறதோ அங்கே கழுகுகள் கூடுகின்றன. மிசிசிப்பி ஆற்றின் அணைகளுக்குக் கீழே நீர் சுழன்று பாய்வதால் பனி படிவதில்லை. மதகு வழியே வரும் மீன்களும் எளிதில் அகப்படும். மேரிலாந்து மாநிலத்தில் சசுகுவெகன்னா ஆற்றின் கொனோவிங்கோ அணையடியில் நவம்பர் மாதம் முழுவதும் முக்காலிகள் வரிசையாக நிற்கும். அலாசுக்காவின் சில்கட் ஆற்றில் நிலத்தடியிலிருந்து ஊறும் வெம்மையான நீர் ஒரு பகுதியை உறையவிடாமல் காக்கிறது. காலந்தாழ்த்தி ஏறிவரும் சால்மன் மீன்கள் அங்கே இறந்து கிடக்கும். சில ஆண்டுகளில் 3,000க்கும் மேற்பட்ட கழுகுகள் அவ்வொரே ஆற்றில் கூடியதுண்டு. அப்பகுதி 1982இல் கழுகுகளுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

பினாங்கில் பனி இல்லை. உறையும் ஆறும் இல்லை. ஆயினும் நம் ஆற்றங்கரைக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. அது பிறர் குளிர்காலம். வட ஆசியா உறையத் தொடங்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பறவைகள் தெற்கு நோக்கி வலசை புறப்பட்டு, மார்ச்சு, ஏப்ரல்வரை நம்மிடையே தங்குகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று தீபகற்பத்தின் கிழக்குக் கரையை மழையால் நனைக்கும் அதே காலத்தில், மலைத்தொடரின் மறைவில் உள்ள பினாங்கு சனவரி, பிப்ரவரி மாதங்களில் வறண்டு, வானம் தெளிந்து இருக்கும். தைப்பூசத்துக்கு வெறுங்காலுடன் தண்ணீர்மலைக்கு நடந்தவர்க்கு அந்த வெயில் தெரியும். ஆகவே வலசைப் பறவையும் நல்ல வெளிச்சமும் ஒருங்கே வாய்க்கும் பருவம் இதுவே.

பனி செய்யும் வேலையை இங்கே ஓதம் செய்கிறது. நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இருமுறை இறங்குகிறது. இறங்கும்போது கழிமுகத்தில் சேற்றுவெளி விரிந்து, மீன்கள் குறுகிய கால்வாய்க்குள் ஒடுங்குகின்றன. அந்நேரத்தில் சுங்கை கெலுவாங்கின் வாயில், எதிரே ஜெரெஜாக் தீவு தெரிய நிற்பவர் மூன்று மீனுண்ணிகளை எதிர்பார்க்கலாம். செம்பருந்தும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்பவை. மூன்றாவதாகிய விராலடிப்பான் குளிர்கால விருந்தாளி.

வெண்வயிற்றுக் கடற்கழுகு அமெரிக்கக் கழுகின் நெருங்கிய உறவு. இரண்டையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தனர். அண்மையில்தான் வகைப்பாட்டாளர் சிலர் பிரித்தனர். 1788இல் கிமெலின் இட்ட 'லூகோகாஸ்டர்' என்ற பெயர் வெண்வயிறு என்று பொருள்படும். இரண்டும் சிறகு விரித்தால் ஏறத்தாழ 2 மீட்டர். இரண்டுக்கும் குஞ்சுப் பருவத்தில் உடல் முழுவதும் பழுப்பே. வெண்மை நிரம்பி வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அமெரிக்கக் கழுகைப் பார்க்க நம் மாணவர்க்குப் பயணச்சீட்டு தேவையில்லை. அதன் தங்கை உறவினள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அத்தொழிற்பேட்டை 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரம். அதன் தொழிலாளர்க்காகவும் வளர்ந்த நகரமே பாயான் பாரு. ஒரு சிறு இடைப்பேச்சு: மலாயில் 'பாயான்' ஒருவகைக் கிளியின் பெயர், 'கெலுவாங்' பழந்தின்னி வௌவால். கிளியின் பெயர் கொண்ட ஊரில், வௌவாலின் பெயர் கொண்ட ஆற்றின் கரையில் நின்றுகொண்டுதான் நாம் பறவைக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வெளிச்சம், காற்று, வெண்மை

படமெடுக்கும் முறையை நாம் அறிந்தவரை சொல்வோம். வகுப்பறையில் கற்றதன்று, பணி ஓய்வுக்குப் பின் நம் மகன் தந்த பழைய கேமராவுடன் கரையில் நின்று, பல நூறு படங்களைப் பாழாக்கிக் கற்றது.

முதலில் ஞாயிறு எங்கே என்று பார்க்க வேண்டும். சுங்கை கெலுவாங்கின் வாய் தீவின் கிழக்குக் கரையில் உள்ளது. காலையில் கடலை நோக்கி நிற்பவர் முகத்தில் வெயில் அடிக்கும். பறவை கரிய நிழலுருவாகவே படத்தில் விழும். அங்கே மாலை மூன்று மணிக்குப் பின் ஞாயிறு முதுகுப்புறம் வந்ததும் இறகின் ஒவ்வொரு வரியும் தெரியும். பாலிக் பூலாவ் பக்கத்து மேற்குக் கரைக்குச் சென்றால் இது தலைகீழ்; அங்கே காலைதான் நல்லது. பலர் விடியற்காலையே பறவைப் படத்துக்கு உகந்தது என்று நூல்களில் படித்துவிட்டு இக்கரையில் வந்து ஏமாறுகின்றனர். நூல் எழுதியவர் எந்தக் கரையில் நின்றார் என்று கேட்க வேண்டாமா?

ஓத அட்டவணையையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். மாலை வெளிச்சமும் இறங்கும் ஓதமும் ஒன்றுகூடும் நாள்கள் ஒரு மாதத்தில் சிலவே.

அடுத்தது காற்று. பெரும்பறவை காற்றை எதிர்த்தே கிளையை விட்டு எழும்; எதிர்த்தே இறங்கும். வடகிழக்குக் காற்று வீசும் பருவத்தில் அது எந்தப் பக்கம் முகம் காட்டி எழும் என்பதை முன்னரே கணிக்கலாம். எழுவதற்கு முன் உடலை முன்சாய்க்கும். பெரும்பாலும் எச்சமிட்டு உடலின் எடையைக் குறைத்துக்கொள்ளும். மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பர். சிரித்து முடிப்பதற்குள் பறவை போய்விடும். பறக்கும் பறவை மங்காமல் விழ, ஷட்டர் வேகம் நொடியின் 2,000இல் ஒரு பங்கு அளவுக்கேனும் இருப்பது நலம். 400 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். அதற்கு மேற்பட்டதெல்லாம் பணப்பையைப் பொறுத்தது.

கடினமானது வெண்மை. கேமராவின் ஒளியளவி தன் முன் உள்ள காட்சி முழுவதும் நடுத்தர நிறம் என்று எண்ணிக்கொள்ளும் இயல்புடையது. கடற்கழுகு இருண்ட கண்டல் மரங்களுக்கு முன்னால் பறந்தால், ஒளியளவி இருளைக் கண்டு கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும். வெள்ளை வயிறு சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்துவிடும். அதிலிருந்து ஓர் இறகையும் பின்னர் மீட்க முடியாது. அங்கே ஒளியைக் குறைக்க வேண்டும். அதே பறவை வெண்மேகத்துக்குக் கீழே சென்றால் ஒளியளவி வானத்தைக் கண்டு மிரண்டு வெளிச்சத்தைச் சுருக்கும். அங்கே கூட்ட வேண்டும். ஒரே பறவை, பின்னணி மாறினால் முறை எதிர்ப்படுகிறது. கருவி தான் பழகியதைக் கொண்டு காண்பதை அளக்கிறது. 'வழுக்கை' என்று எழுதிய நம் கையும் ஏறத்தாழ அவ்வாறே இயங்கியது.

கூட்டை அணுகுவது கூடாது. கடற்கழுகு உயர்ந்த மரங்களிலும் சில இடங்களில் கோபுரங்களிலும் சுள்ளிகளால் பெருங்கூடு கட்டும். தொல்லை மிகுந்தால் கூட்டைக் கைவிட்டுச் செல்லும். ஆட்கள் அடிக்கடி நெருங்கினாலே அதற்குத் தொல்லைதான்.

மூன்று பறவைகளின் பெயர்கள்

ஒருநாள் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதிய மலாய் மீனவரிடம் கடற்கழுகைச் சுட்டிக்காட்டி, "பாக்சிக், இதன் பெயர் என்ன?" என்று கேட்டோம். "லாங் சிப்புட், சிக்கு" என்றார். நாம் ஆசிரியராக இருந்தவர் என்பதை எப்படியோ எல்லாரும் கண்டுகொள்கின்றனர். 'சிப்புட்' என்றால் சிப்பி, நத்தை வகை. மீன் உண்ணும் பறவைக்கு ஏன் இப்பெயர்? பழைய மலாய் மீனவர் வழக்கில் இதற்கு 'சிப்பிகளின் அடிமை' என்றும் பெயர் உண்டு. ஓதம் திரும்பும் வேளையில் இப்பறவை உரக்கக் கத்திச் சிப்பிகளை எச்சரிக்கிறதாம். கடற்கழுகின் குரல் வாத்தின் குரலைப்போல் முரட்டுத்தனமாக நெடுந்தொலைவு கேட்கும். ஓதமும் குரலும் ஒருங்கே நிகழ்வதைப் பல தலைமுறைகள் கேட்டறிந்தவர்களே அப்படி ஒரு பெயரை வைத்திருக்க முடியும். அப்பெயரைக் கேட்டபின் நாமும் ஓதம் திரும்பும் வேளையில் காதை நீட்டி நிற்கப் பழகினோம்; சில படங்கள் கிடைத்தது அதனால்தான்.

விராலடிப்பானை மலாயில் 'ஹெலாங் தீராம்' என்பர். 'தீராம்' என்றாலும் சிப்பி வகையே. தமிழ்ப் பெயரோ செயலைச் சொல்கிறது. விரால் மேற்பரப்புக்கு வந்து காற்றை உட்கொள்ளும் நன்னீர் மீன். அது மேலே வரும் கணத்தில் கால்களை நீட்டிப் பாய்ந்து அடிக்கும் பறவையைக் கண்ட ஒருவர், எந்த நூலையும் பாராமல் வைத்த பெயர் அது. கேமராவுடன் நிற்பவர்க்கு அப்பெயரே ஒரு பாடம். இப்பறவை செம்பருந்தைப்போல் நீர்மேல் மிதப்பதைக் கொத்திப் போவதில்லை. கடற்கழுகைப்போல் மேற்பரப்பை வாரிக்கொண்டு செல்வதோடு நிற்பதும் இல்லை. பெரும்பாலும் உடல் நனைய நீருக்குள்ளேயே பாயும். எழும்போது மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி பிடியைத் திருத்திக்கொள்ளும். ஆகவே அது நீரைத் தொடும் இடத்தில் குவியத்தை நிறுத்தி, மீண்டும் எழுவதற்காகக் காத்திருக்க வேண்டும். 'அடிப்பான்' என்ற வினையே எங்கே காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. தேன்பருந்து, பாம்புக் கழுகு என்னும் பெயர்களும் இவ்வகையின.

செம்பருந்தின் பெயர் இன்னும் சுவையானது. தமிழர் 'செம்' என்றனர். மலாய்க்காரர் 'ஹெலாங் மேரா' என்றனர். தாய்லாந்து மொழியிலும் அது செம்பருந்தே. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகத் தோன்றவில்லை. எல்லாரும் பறவையைப் பார்த்திருக்கின்றனர். நம்மவர்க்கு அது கருடனும்கூட. கோயில் குடமுழுக்கின்போது கலசத்தில் நீர் ஊற்றும் வேளையில் வானத்தில் கருடன் வட்டமிடுகிறதா என்று கூட்டம் அண்ணாந்து நிற்பதைப் பினாங்கிலும் காணலாம். இப்போது அண்ணாந்த கைகளில் எல்லாம் கைப்பேசி. அம்மாணவனும் அப்படி ஒரு கூட்டத்தில் நின்றிருக்கக்கூடும். 'கருடன்' என்று கோயிலில் அறிந்த பறவையை ஆற்றங்கரையில் கண்டபோது அவனுக்கு அது அமெரிக்கப் பறவையாகத் தோன்றியது.

'கழுகு' என்ற சொல்லையும் சற்றுக் கவனிக்க வேண்டும். பழைய வழக்கில் அது பெரும்பாலும் பிணந்தின்னும் பறவையைச் சுட்டியது. செங்கற்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து சோறு உண்டுசென்ற இரு பறவைகளும் அவ்வினத்தவையே. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வரவு நின்றுபோயிற்று. ஆங்கிலக் கல்வி வந்தபின், 'ஈகிள்' என்பதற்கு நேராகக் கழுகை வைத்தோம். பிணந்தின்னிக்கு அடைமொழி சேர்த்தோம். தமிழகத்து இயற்கை ஆர்வலர்கள் அண்மையில் 'பாறு' என்ற பழஞ்சொல்லை மீட்டு, பிணந்தின்னிப் பறவைக்கு வழங்கி வருகின்றனர். நல்ல பணி. இல்லையேல் பாறு, எருவை, பருந்து, வல்லூறு, இராசாளி என்று பிரித்தறிந்த மொழி, வளைந்த அலகுடைய எல்லாவற்றையும் கழுகு என்ற ஒரே கூடையில் போட்டு மூடிவிடும்.

லங்காவித் தீவின் பெயரைப் பற்றியும் மாணவர் கேட்பதுண்டு. 'ஹெலாங்' என்பதன் குறுக்கமும் செம்மண் நிறத்தைக் குறிக்கும் 'காவி' என்பதும் சேர்ந்து, செம்பருந்துத் தீவு ஆயிற்று என்பது பெருவழக்கான விளக்கம். குவா நகரத் துறைமுகத்தருகே 12 மீட்டர் உயரத்தில் ஒரு பருந்துச் சிலையும் எழுப்பியுள்ளனர். ஊர்ப்பெயர் ஆய்வாளர் என்ற முறையில் நமக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை; காதுக்கு இனிய விளக்கங்களை நாம் எப்போதும் இருமுறை எடைபோடுவோம். பெயர் எவ்வாறாயினும் பறவை அங்கே நிறைய உண்டு. சுற்றுலாப் படகினர் கோழித்தோலை நீரில் வீச, பருந்துகள் கூட்டமாக இறங்கும், பயணிகள் படமெடுப்பர். ஒரு மணி நேரத்தில் நூறு நல்ல படங்கள் கிடைக்கும். ஆனால் மீன் பிடிக்கும் பறவை கோழித்தோலுக்கு இறங்கும் படம் அது. வேட்டையாடும் பழக்கத்தையும் இயற்கை உணவையும் இது கெடுக்கும் என்று பறவையியலார் நெடுநாளாகக் கூறிவருகின்றனர். பள்ளிச் சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் படகில் ஏறுமுன், இரை வீசாமல் ஓட்ட இயலுமா என்று கேட்பது நல்லது. சில படகோட்டிகள் இசைகின்றனர்.

ஓய்வுபெற்ற ஒருவரின் பதிவேடு

படத்தின் அடியில் எழுதும் ஒரு வரிக்கு இவ்வளவு பேச்சா என்று மாணவர் கேட்கலாம். கனடாவின் வின்னிபெக் நகரத்தில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற சார்லசு பிரோலி என்பவர், அறுபதை எட்டும் வயதில், 1939இல், புளோரிடாவில் வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளுக்கு எண்ணிட்ட வளையம் மாட்டத் தொடங்கினார். கயிற்றேணி கட்டித் தாமே மரமேறினார். ஆண்டுதோறும் அதே கூடுகளுக்குச் சென்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு வளையமிட்டு, இடமும் நாளும் எழுதி வைத்தார். சில ஆண்டுகள் சென்றபின் கூடுகள் வெறுமையாவதை அவருடைய பதிவேடு காட்டிற்று. பூச்சிக்கொல்லியாகிய டிடிடி மீன் வழியே கழுகின் உடலில் சேர்ந்து முட்டையோட்டை மெலியச் செய்தது என்பது பின்னரே உறுதியாயிற்று. 1940 முதலே அமெரிக்காவில் அக்கழுகைக் காக்கும் சட்டம் இருந்தது. துப்பாக்கியைத் தடுத்த சட்டத்தால் நஞ்சைத் தடுக்க இயலவில்லை. 1963இல் அலாசுக்கா நீங்கலான பெருநிலப் பகுதியில் 417 இணைகளே கூடுகட்டின. 1972இல் டிடிடி தடை செய்யப்பட்டது. 2007இல் அழிவாய்ப்புப் பட்டியலிலிருந்து கழுகு நீக்கப்பட்டபோது இணைகளின் எண்ணிக்கை 9,000ஐத் தாண்டியிருந்தது.

பிரோலி பறவையியலில் பட்டம் பெற்றவர் அல்லர். எந்தப் பறவை, எந்த இடம், எந்த நாள் என்று பிழையின்றி எழுதினார். சுங்கை கெலுவாங்கில் எடுத்த படத்தின் அடியில் 'மொட்டைக் கழுகு' என்று இருந்தால், நாற்பது ஆண்டுகள் கழித்து அதைக் காண்பவர்க்கு அந்தச் சேற்றுவெளியில் ஒருகாலத்தில் எது வாழ்ந்தது என்பது தெரியாது. அக்கரையில் நிலமீட்புப் பணிகளும் கட்டடங்களும் எந்த வேகத்தில் வளர்கின்றன என்பதைப் பாயான் பாருவில் வாழ்வோர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

போட்டி முடிந்து மூன்று வாரங்கள் சென்றபின் அம்மாணவன் தன் அக்காவுடன் நம் வீட்டுக்கு வந்தான். பழைய படத்துக்குப் புதுவரி எழுதியிருந்தான், 'செம்பருந்து' என்றிருந்தது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கருடன்' என்று பாட்டி சொன்னதையும் சேர்த்திருந்தான். அதை நாம் அடிக்கவில்லை. உடன் ஒரு புதிய படமும் கொண்டுவந்தான். சேற்றுக் கரையில் உடல் முழுவதும் பழுப்பாய் ஒரு பெரிய பறவை. வெண்தலையும் இல்லை, வெண்வயிறும் இல்லை.

"இதற்கு என்ன பெயர் எழுதட்டும், ஐயா?"

வாலின் வடிவத்தைக் காட்டினோம். குறுகி ஆப்புப்போல் இருந்தது. பறந்தபோது சிறகை எப்படி வைத்திருந்தது என்று கேட்டோம். கைகள் இரண்டையும் தோளுக்கு மேலே உயர்த்திக் காட்டினான். அக்கா சிரித்தாள். பிறகு அவனே குனிந்து எழுதினான்: 'வெண்வயிற்றுக் கடற்கழுகு, இளம்பறவை. சுங்கை கெலுவாங். பிப்ரவரி 11, மாலை 4.40. ஓதம் இறங்கும் நேரம்.'